மாமாவின் கழுத்து

ஜனவரி 7, செவ்வாய்
ஆரையம்பதியில் விடாத மழை. மாமா கிணற்றுக்கட்டில் சறுக்கி மல்லாக்க விழுந்துவிட்டார். கிட்டடி ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து, உடைவு இல்லை, பழைய வருத்தம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பழைய வருத்தம் இருப்பது உண்மை: முள்ளந்தண்டு மூட்டுகள் அழன்று அழன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். இளந்தாரி வயதிலேயே தொடங்கியது. இப்போது நாடி நெஞ்சைத் தொடாத குறை. வருகிற ஆளைச் செருப்பைப் பார்த்துத்தான் மட்டுக்கட்டுவார்.

ஜனவரி 9, வியாழன்
விரல்கள் விறைக்கிறதாம். தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. சரி, இனி பெரியாஸ்பத்திரிதான்.

அங்கே ஒரு பையன் மாமாவை நேராகக் கிடத்திக் கழுத்துப்பட்டி போடப் பார்த்தான். "விடு மனே, கை ரெண்டும் செத்துப் போகுது!" என்று கத்தினார். டொக்டர் ஓடிவந்து பட்டியைக் கழற்றி, தலகணிகளை அடுக்கி, பழைய கூனலிலேயே கிடத்தினார். இந்த நோய்க்காரரின் கழுத்தை நிமிர்த்தினால் முறிவு வாய் பிளந்து, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணை நசுக்கிவிடுமாம். அம்புலன்சில் ஏற்றும்போதே வீட்டாட்கள் சொல்லிவிட வேண்டிய விசயம்.

சீடி ஸ்கேனில் பிடிபட்டது: ஆறாம், ஏழாம் கழுத்தெலும்புகளுக்கிடையில் முன்னிருந்து பின்வரை முழு முறிவு. தோள் மறைக்கிற இடம், எக்ஸ்ரேயில் இலேசில் தெரியாது. வேறெங்கும் உடைந்திருக்கிறதா என்று முதுகு முழுக்கப் பார்த்தார்கள். இல்லை. உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று எம்ஆர்ஐயும் எடுத்தார்கள்.

ஜனவரி 10, வெள்ளி
சத்திரசிகிச்சை நிபுணர் விளங்கப்படுத்தினார். ஒட்டிப்போன முள்ளந்தண்டு முறிந்தால், நடுவில் ஒடிந்த நீளத் தடி மாதிரி. அசைவெல்லாம் அந்த ஓரிடத்தில்தான் நடக்கும். எலும்பும் பலவீனம். அதனால் முறிவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு எலும்பில் மட்டும் பூட்டினால் பிடிக்காது. பின்பக்கத்தால் திறந்து, கழுத்திலிருந்து மேல்முதுகு வரை ஸ்குரூவும் கம்பியும் போடப் போகிறார்.

"அப்படியே கூனலையும் நிமிர்த்தி விடுங்களன்" என்றா மாமி. அது வேறு பெரிய ஒப்பரேசன், இப்போது தொட மாட்டேன் என்றார். மாமிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த மனுசனில் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

ஜனவரி 13, திங்கள்
முடிந்தது. கழுத்து பின்னுக்குச் சாயாததால், மயக்குவதற்கு முன்பே, விழித்திருக்கையில், கமரா பூட்டிய குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டார்களாம்.

ஜனவரி 15, புதன்
பொங்கலன்றும் வார்ட்டில்தான். விரல் விறைப்பு குறைகிறது. இனிச் சளிதான் பயம்: விலா மூட்டுகளும் இறுகிக் கிடப்பதால் நெஞ்சு விரியாது. பந்து வைத்த குழாயை மணிக்கொரு தரம் உறிஞ்சச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் மிஸ் வந்தால் மட்டும் உறிஞ்சுகிறார்.