ஒரு லேப்டாப், நான்கு பேர், ஒரு பாஸ்வேர்டு நோட்டு

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் லேப்டாப் பெரிய மாமாவுடையது. என் கணவருக்குப் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இவர்களுக்கு ‘சொல்தா’ என்று பெயர். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள், சொல்தா வீடு என்றுதான் கேட்பார்கள்.

லேப்டாப்பை பாரிசில் இருக்கும் அவருடைய மகன் அனுப்பினார். நல்ல மெஷின்தான், ஆனால் கீபோர்டு பிரெஞ்சு கீபோர்டு. நம் ஊர் கீபோர்டில் கியூ இருக்கும் இடத்தில் அதில் ஏ. டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எம் என்ற எழுத்து கீழ் வரிசையிலிருந்து ஏறிப்போய் எல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எண் வேண்டுமானால் ஷிப்டை அழுத்த வேண்டும். அழுத்தாமல் தட்டினால் ஏதாவது குறியோ, தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தோ வரும். அஸெர்ட்டி என்று அதற்குப் பெயர். மாமாவுக்கு அது பழகிய கை. எனக்கும் என் மகளுக்கும் பழகவே இல்லை. அதனால் மெஷினுக்குள் இங்கிலீஷ் அமைப்பையும் சேர்த்து வைத்திருந்தோம். இடது பக்கத்து ஆல்ட்டையும் ஷிப்டையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்.

தெரிந்து அழுத்தினால் மட்டுமல்ல, கை பட்டாலும் மாறும்.

பாஸ்வேர்டு பெட்டியில் என்ன அடித்தாலும் கறுப்புப் புள்ளிதான் தெரியும். மாமா நிதானமாக, ஒரு விரலால், சரியான எழுத்தைப் பார்த்துத்தான் தட்டுவார். கீபோர்டு இங்கிலீஷுக்கு மாறியிருந்தால் ஏ தட்டிய இடத்தில் கியூ விழுந்திருக்கும், எம் தட்டிய இடத்தில் செமிகோலன். அவர் வழக்கப்படி ஷிப்டோடு 1 தட்டினால் ஆச்சரியக்குறி. தளம் “தவறான பாஸ்வேர்டு” என்று சொல்லும். அவர் மறுபடியும் அதையே இன்னும் அழுத்தித் தட்டுவார். இப்படிச் சில தடவை ஆனதும் கணக்கைப் பூட்டிவிடும். “நான் சரியாத்தானேம்மா அடிச்சேன்?” என்பார். சரியாகத்தான் அடித்தார். அதை நிரூபிக்க வழியில்லை.

இதற்கு மருந்து சுலபம். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதைத் தட்டிவிட்டு அடிக்கலாம், எழுத்து தெரியும். இல்லாவிட்டால் முதலில் பயனர் பெயர்ப் பெட்டியிலேயே பாஸ்வேர்டை அடித்துப் பார்த்துவிட்டு அழிக்கலாம். வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, எட்டிப் பார்ப்பவள் நான்தான். கடைசியில் மாமாவுக்குத் தனி பயனர் கணக்கு போட்டு அதில் பிரெஞ்சு அமைப்பை மட்டும் விட்டேன். எங்கள் கணக்கில் இங்கிலீஷ் மட்டும். நேரு வீதியில் கீபோர்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியும் பார்த்தோம். இந்த ஊர் வேர்வைக்கு ஏப்ரல் மாதமே உரிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தலைவலி, பூட்டிய கணக்கைத் திறக்கும் வேலை. அவருடைய பென்ஷன் தளத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வேண்டும். அது எஸ்எம்எஸ்ஸில் வரும். வருவது பிரான்ஸ் எண்ணுக்கு. அந்த சிம் இருப்பது மகனிடம். பிரான்ஸில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அதனால் கோடையில் நாம் மூன்றரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னே. மாமா காலை டிபனை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிறவர். ஜனவரியில் அப்போது பாரிசில் விடியற்காலை நாலரை. மகன் எழுந்து வாட்ஸப்பைப் பார்த்துக் குறியீட்டை அனுப்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். எனவே வேலையை மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் வைத்துக்கொள்கிறோம். மாமாவுக்கு அது தூங்கும் நேரம். வருடத்துக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் வேறு எதுவும் பேசுவதில்லை.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் யோசித்தவர்கள் மனசில் ஒரு படம் இருக்கிறது: ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், பையில் எப்போதும் கூடவே இருக்கும் ஒரு போன். நம் வீடுகள் அப்படியா இருக்கின்றன? எங்கள் வீட்டில் மாமியாரின் வங்கிக் கணக்குக்கு என் கணவர் நம்பர். கேஸ் பதிவு என் நம்பரில். நான் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்றின் வரித் தளத்து ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகும். அவர் போனை கல்லாவில் வைத்துவிட்டு காந்தி வீதி வரை டீ குடிக்கப் போய்விடுவார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஓடிபி பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. சிக்னல் திரும்பியதும் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. எது எதற்கு வந்தது என்று கடவுளுக்கே தெரியாது.

இந்தியாவில் எஸ்எம்எஸ் ஓடிபிதான் ஒரே வழி என்று இல்லாமல், வேறு வகை உறுதிப்படுத்தலுக்கும் ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. அந்த விதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. கைரேகை, ஆப் என்று என்னென்னவோ வரலாம். மாமியாரின் விரல் ரேகை பாத்திரம் தேய்த்துத் தேய்ந்தது, எந்த மெஷினும் ஒரே தடவையில் எடுத்ததில்லை. பார்ப்போம்.

பாஸ்வேர்டு மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே உண்டு. நான் பயன்படுத்தும் ஒரு தளம் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு விசேஷக் குறி, பழையதை ஒத்திருக்கக் கூடாது. மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசி எண்ணை ஒன்றிலிருந்து இரண்டாக்குவார்கள். திருடனுக்கும் அது தெரியும்.

இந்த வழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி. அந்தப் பகுதியை எழுதியவர் பில் பர். உலகம் முழுக்க அலுவலகங்களும் வங்கிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 2017-இல் அதே நிறுவனம், காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைத் திணிக்காதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள் என்று மாற்றி எழுதியது. பில் பரும் தான் அன்று எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாகப் பத்திரிகையிடம் சொன்னார். 2025-இல் வந்த பதிப்பில் “கூடாது” என்றே கறாராக இருக்கிறது; பாஸ்வேர்டு வெளியே கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். எழுதியவரே கைவிட்டார், வெளியிட்ட நிறுவனமும் கைவிட்டது, நான் கணக்கு எழுதும் தளம் மட்டும் விடவில்லை.

எங்கள் வீட்டில் பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. நோட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில். முன்பு மாமியார் முருகன் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார், அதைத்தான் மாற்றினேன். காகிதத்தில் எழுதாதே என்று என் தம்பி ஒவ்வொரு முறையும் திட்டுகிறான். ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து லட்சம் பாஸ்வேர்டுகளை ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் திருடனால் என் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவை உடைக்கிற திருடன் புடவையைத்தான் பார்ப்பான். அலுவலக மேஜைக்கு இந்த நியாயம் செல்லாது, வீட்டுக்குச் செல்லும். மெயிலுக்கும் வங்கிக்கும் மட்டும் தனித்தனியாக, நீளமாக, வேறெங்கும் உபயோகிக்காத பாஸ்வேர்டு. பஞ்சாங்கம் பார்க்கும் தளத்துக்கெல்லாம் என்னவாயிருந்தால் என்ன.

பஞ்சாங்கத் தளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாமியார் ராகு காலம் பார்க்க ஒரு தளத்தைத் திறந்தபோது, நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட ‘அலோவ்’ தட்டுங்கள் என்று வந்ததாம். தட்டிவிட்டார். அன்றிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில், உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருந்தது. வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. அறிவிப்பு அனுப்பும் அனுமதியை வாங்கிக்கொண்டு அந்தத் தளமே அனுப்பும் விளம்பரம். குரோமின் செட்டிங்ஸில் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ். அங்கே போய் முன்பின் தெரியாத பெயரையெல்லாம் நீக்கினால் முடிந்தது. ஆண்டிவைரஸ் வாங்கவே வேண்டாம், விண்டோஸில் டிஃபெண்டர் கூடவே வருகிறது.

போன் மோசடி விஷயத்தில் மாமாவிடம் தோற்றுப்போனவர்கள் உண்டு. ஒரு நாள் வீடியோ கால். போலீஸ் சட்டை போட்ட ஒருவன், மும்பையிலிருந்து பேசுகிறேன், உங்கள் ஆதாரை வைத்து அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்றான். மாமா பிரெஞ்சுக் குடிமகன். ஆதாரே கிடையாது. அதை அவர் விளக்கிய மொழி பிரெஞ்சு, விளக்கிய குரல் பரேடு மைதானத்துக் குரல். அவர்களே வைத்துவிட்டார்கள்.

ஆதார் இருப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள் என்பதுதான் விஷயம். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும், முடக்குவது கஷ்டம். அப்புறம் இன்னொன்று: இந்திய வங்கிகள் தங்கள் இணையதள முகவரியை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. முகவரியின் வாலைப் பார்க்க மாமியாருக்குக் கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

என்னுடைய மேஜைக் கம்ப்யூட்டர் தனிக் கதை. கடல் காற்றில் ஏதாவது ஒன்று பச்சை பிடித்துக்கொண்டே இருக்கும். திறக்காவிட்டால் மெக்கானிக் உள்ளே இருக்கும் மெமரி அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டுவார், ஓடும். அவரேதான் சொன்னார், விண்டோஸ் 10 முடிந்தது, புது மெஷின் வாங்கிடுங்க அக்கா என்று. வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற சிப் வேண்டும், என் மெஷினில் இல்லை. ஆனால் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பதிவு செய்துவிட்டேன். அதுவரை ரப்பர் இருக்கிறது.

கடைசியாக வைஃபை. எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரர் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார்: அவருடைய போன் நம்பர். எல்லா வீட்டு வாசலிலும் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும் அதே நம்பர். ரௌட்டருக்குள் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே ‘அட்மின்’. நான் மூன்றையும் மாற்றினேன். அதிலிருந்து அவருக்கு என் மேல் வருத்தம். “மேடம், கம்ப்ளெய்ன்ட் வந்தா நாங்க ஆபீஸ்லேருந்தே பார்த்துடுவோம், உங்க வீட்டுக்கு மட்டும் ஆள் வர வேண்டியிருக்கு” என்கிறார். வரட்டும். வருகிற பையனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை நானே அடித்துக் கொடுக்கிறேன். அடிக்கும்போது அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் அது மாமாவின் கீபோர்டு.