பார்டர் சுகரும் மீன் எண்ணெய் மாத்திரையும்

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்று ரிப்போர்ட் வந்தால் அது பார்டர் சுகர், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இந்தக் கட்டத்தில் பலர் டாக்டரைக் கேட்காமலே மருந்துக்கடையில் வாங்குவது மீன் எண்ணெய் மாத்திரை. கொழுப்புத் திசுவுக்குள் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. அந்த வேலையால் சர்க்கரை இறங்குமா என்பதில்தான் சிக்கல்.

தொப்பை போடும்போது கொழுப்பு செல்கள் வீங்குகின்றன. அளவுக்கு மீறிப் பெருத்த செல்லுக்கு ரத்த ஓட்டம் போதாமல் ஆக்சிஜன் குறைகிறது. சில செல்கள் சாகின்றன. திசுவிலிருந்து வெளியாகும் எம்.சி.பி.-1 என்ற புரதம் ரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை உள்ளே இழுக்க, அவை செத்ததை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களாக மாறுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செத்த செல் ஒன்றைச் சுற்றிக் கிரீடம் போல அவை நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். இதுதான் கொழுப்பில் நடக்கும் அழற்சி. மேக்ரோஃபேஜ்கள் விடும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் படும் கொழுப்பு செல்களில் இன்சுலின் சரியாக எடுபடாது. சாப்பிட்ட பிறகும் அவை கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் இன்சுலினுக்கு மரியாதை இல்லை.

மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. மேக்ரோஃபேஜின் மேல் ஜி.பி.ஆர்.120 என்று ஓர் ஏற்பி, அதாவது சமிக்ஞை வாங்கும் புரதம், உண்டு. ஒமேகா-3 அதைத் தொட்டால் அழற்சி சமிக்ஞை அடங்குகிறது என்று 2010-ல் அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஒமேகா-3 கொடுத்தும் பலன் கிடைக்கவில்லை.

மனிதர்களிடம்? 2013-ல் அமெரிக்காவின் கென்டக்கியில், இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு மருந்துத் தரத்திலான ஒமேகா-3 தினம் 4 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து, கொழுப்பைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜ்கள் குறைந்திருந்தன, எம்.சி.பி.-1 இறங்கியிருந்தது. இன்சுலின் எடுபடும் அளவோ அப்படியே இருந்தது. எனக்கு இந்த ஆய்வுதான் எல்லாவற்றையும் சொல்கிறது. பல எலி ஆய்வுகளில் கொழுப்புத் தீனியோடு முதல் நாளிலிருந்தே மீன் எண்ணெயும் போகிறது. நமக்கோ கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படிந்து பல வருடம் ஆனபிறகு போகிறது. 2019-ல் 83 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும், நீரிழிவு வருவதை ஒமேகா-3 தடுப்பதாகத் தெரியவில்லை.

ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு விஷயம் வேறு. அது 500-ஐத் தாண்டியவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதும் இதே தினம் 4 கிராம் அளவுதான். அதில் நன்றாக இறங்கும். ஆனால் கடை மாத்திரையில் அந்தக் கணக்கு வராது. டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று போட்டிருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். ஆக 300 மி.கி. கென்டக்கியில் கொடுத்த நான்கு மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து 3,360 மி.கி. அதைச் சாதாரண மாத்திரையில் எட்ட தினம் பதினொன்றுக்கு மேல் விழுங்க வேண்டும், கூடவே நூறு கலோரி கொழுப்பும் போகும். காட் லிவர் ஆயிலில் இப்படிக் கூட்டவே கூடாது. அதில் வைட்டமின் ஏ இருக்கிறது; குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து.

வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் பித்தமும், கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்சைமும் சுரந்து எண்ணெய் உடலில் ஏறும். இந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். புது டப்பா வாங்கியதும் ஒரு மாத்திரையைக் கத்தரியால் வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை இருக்கலாம். பழைய பெயின்ட் போலக் காறல் நெடி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசனை சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை செல்லாது.

அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடுவது பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. படபடப்பு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மீனாகவே சாப்பிடுவதென்றால் மத்தி, கானாங்கெளுத்தி. நூறு கிராம் மத்தியில் சுமார் ஒரு கிராம் ஒமேகா-3 கிடைக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும். குழம்பாக வையுங்கள். முங்க முங்கப் பொரித்தால் மீனின் எண்ணெய் கொஞ்சம் சட்டிக்குப் போகும், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். குழம்போடு இறங்கும் சோற்றின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரையை ஏற்றுவது அதுதான்.

சர்க்கரையைத் தள்ளிப்போடும் வழி சென்னையிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பார்டர் நிலையில் இருந்தவர்களைத் தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்னார்கள். சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள். மூன்று வருடத்தில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தவர்களில் 39 சதவீதம். அவர்களுக்கு எடை குறையவில்லை என்பதையும் கவனியுங்கள்.