கதவு திறந்த கிழமை

ஜூன் 1, ஞாயிறு
மட்டக்களப்பு கல்லடிக் கடலில் ஞானஸ்நானம். விடியற்காலை ஆறு மணி, அலையே இல்லை. மூழ்கி எழும்பினபோது வாய் முழுக்க உப்பு. சபையார் பாடினது அப்புறம்தான் காதில் விழுந்தது. அம்மா வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் துவாயைத் தந்து, “தலைய நல்லாத் துவட்டு புள்ள” என்றா. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 2
புதுப்பெயர் வேண்டுமா என்று பாஸ்டர் கேட்டிருந்தார். இருக்கிறது அம்மம்மாவின் பெயர், அதுவே இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்
கண்ணகி அம்மன் கோயில் கதவு வருசச் சடங்குக்குத் திறந்தாச்சு. ஸ்பீக்கரில் வழக்குரை, கண்ணகி கதைப் பாட்டு, போகிறது. வெங்காயம் உரிக்கிற கை அந்த ஓசைக்குத் தானாக அசைந்தது. நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று பொழுதுபடும்வரை யோசனை.

பழையவைகள் ஒழிந்துபோயின, இரண்டு கொரிந்தியர் 5:17. அது உண்மை, எனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பித் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன், சில நாள் நாலைந்து தரம். மார்ச் மாதம் அந்த ஜெபத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட எழும்பவில்லை. ஆனால் வழக்குரை இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. அதுவும் ஒழிய வேண்டுமா?

ஜூன் 4
கச்சான் காற்று. தலையிடி.
முதலாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் மூன்று தரம் வாசித்தேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்று பலவீனமான சகோதரனுக்கு இடறலாகாதே என்கிறார் பவுல். தின்னாமல் விட்டால் அம்மா இடறுவாவே, அதற்கு என்ன செய்வது? கோயில் பொங்கல் கிண்ணம் மேசையில் மூடியபடி இருக்கிறது.

ஜூன் 5
மாமா வந்தார். எங்கள் குடிக்கு, தாய்வழி வம்சத்துக்கு, உள்ள பூசைக்கு வீட்டில் இருந்து யார் வருவது என்று கேட்டார். அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே இருந்தா, அது ஆறி முடிந்த பிறகும். மாமா போனதும் சொன்னா: “தம்பிட பிள்ளைகள் அவன்ட பொஞ்சாதிட குடி. எனக்குப் பிறகு நீதான் இருக்காய் மகள்.”

சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கிறிஸ்துவுக்குள் நான் யார் என்று கேட்டால் பத்து வசனம் சொல்வேன். அம்மாவின் குடியில் நான் யார் என்பதற்கு ஒரு சொல் வரவில்லை. என்னோடு அது நின்றுவிடுமா? குடி என்பது இரத்தம்தானே, பூசையில் நிற்காவிட்டாலும் நான் அவ வயிற்றுப் பிள்ளைதானே. இதை அவவிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 6
கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டா. சாப்பிட்டது யார் என்று தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு
பெந்தெகொஸ்தே. சாட்சி சொல்ல எழும்பினேன். “இருளில் இருந்து வந்தேன் என்று தொடங்குங்க” என்று ஒரு சகோதரி காதில் சொன்னா. அந்த வீட்டை எப்படி இருள் என்பேன்? தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு அம்மாவின் கோல். நான் ஆராதனைக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவா. 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்த பிள்ளைகளை அவ மறக்கவில்லை. சாமியை மாற்றிவிட்டேன் என்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் அவவின் பயம். இன்று போனை மடியிலேயே வைத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

ஜூன் 9
இன்று ராத்திரி குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கிற சடங்கு. அம்மா தனியாகப் போனா. வாசல் வரை டோர்ச் பிடித்தேன்.

ஜூன் 10, விடிய நாலரை
தாழ்ப்பாள் போடாமல் காத்திருந்தேன். செம்பில் குளிர்த்தித் தண்ணியும் வேப்பிலையுமாக வந்தா. ஒவ்வொரு வருசமும் முதலில் என் தலையில்தான் தெளிப்பா. வேப்பிலையை நனைத்து உயர்த்தின கை அப்படியே நின்றது. சொட்டு அவவின் முழங்கை வழியாக ஓடிச் சேலைக்குள் போனது. நானும் அசையவில்லை. பிறகு மிச்சத்தை முற்றத்து முருங்கைக்கு ஊற்றினா. நான் அவவின் கையைத் துவாயால் துடைத்தேன்.

பின்னேரம்
அம்மாவுக்கு மேல் சுடுகிறது. தலைமாட்டில் இருந்து ஜெபம் பண்ணவா என்று கேட்டேன். “மறுகா பாப்பம்” என்றா.

ஜூன் 11
காய்ச்சல் 102. மாமா ஓட்டோ கூப்பிடப் போயிருக்கிறார்.