செவ்வாய்க்கிழமை நாலரை மணி

மார்ச் 5, 2024

இன்று மகளின் இசை சிகிச்சைக்கு முதல் நாள். முக்கால் மணி நேரம் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்ததும், "என்னம்மா வாசிச்சீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல. சும்மா உட்கார்ந்திருந்தோம்."

மகளுக்குப் பதினைந்து வயது. டிப்ரெஷன் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. மாத்திரை ஓடுகிறது, வாரம் ஒரு கவுன்சலிங்கும் உண்டு. ஆனால் அங்கே இவள் வாயே திறப்பதில்லை. அதனால்தான் இசை சிகிச்சையையும் பார்க்கலாம் என்றார் டாக்டர். "இதுக்குப் பதிலா இல்ல, இதோட சேர்த்து" என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

மார்ச் 12

நானும் என் பங்குக்கு வைத்தியம் பார்த்தேன். துள்ளலான பாட்டாகத் தேடி முப்பது சேர்த்து அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரைப் பாட்டு தாங்கினாள். "இதைக் கேட்டா இன்னும் கடுப்பாகுதுப்பா."

சிகிச்சையாளரிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. இதற்கு ஐசோ கொள்கை என்று பெயராம். 1940களிலேயே ஐரா ஆல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர் சொன்னது: மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்க வேண்டும், பிறகு இசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நான் எடுத்த எடுப்பிலேயே கடைசிப் படியில் நின்றுகொண்டு "ஏறி வா" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 19

எழுந்திருக்கவே இல்லை. போகவில்லை.

மார்ச் 26

டிரம் சத்தம் கேட்டது! நாலு அடி, அப்புறம் நீண்ட இடைவெளி, மறுபடி நாலு அடி.

வீட்டுக்கு வரும் வழியில் அவளாகவே சொன்னாள்: "நான் அடிச்சா அவங்க கீபோர்டுல பதில் வாசிக்கிறாங்க. நான் நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுறாங்க. ஏன்னு கேக்கல." ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

ஆர்வத்தில் சிகிச்சையாளரிடம், "கீபோர்டு கிளாஸ் சேர்த்துவிடவா?" என்றேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்த அறையில் தப்பான ஸ்வரம் என்று ஒன்று கிடையாதாம். தப்பாகிவிடும் என்ற பயம்தான் ஏற்கெனவே இவளிடம் ஏராளமாக இருக்கிறதே.

ஏப்ரல் 4

தூக்கம் வரவில்லை, ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். வட அயர்லாந்தில் 8 முதல் 16 வயது வரையுள்ள 251 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சையோடு 12 வாரம் இசையும் சேர்ந்தவர்களுக்கு, 13ஆம் வாரத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது, தன்மதிப்பு கூடியிருந்தது. சரி, நல்ல செய்தி. 26ஆம் வாரத்தில் பார்த்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட தொகுப்பும் வழக்கமான சிகிச்சையோடு இசை சேர்ந்தால் குறுகிய காலத்துக்குப் பலன் உண்டு என்கிறது, ஆனால் கையில் இருந்தது மொத்தம் 9 ஆய்வுகள், 421 பேர்.

கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தது. அப்புறம் மார்ச் 26 ஞாபகம் வந்தது. மடிக்கணினியை மூடினேன்.

ஏப்ரல் 16

இரவு இரண்டு மணிக்கு ஹெட்போனோடு விழித்திருக்கிறாள். ஒரே சோகப் பாட்டு, திரும்பத் திரும்ப. போனைப் பிடுங்கலாமா என்று கேட்டேன். பாட்டு சோகமா என்பது பெரிய விஷயமில்லை, கேட்டு முடித்தபின் மனசு லேசாகிறதா, இன்னும் புதைகிறதா என்று பாருங்கள் என்றார் சிகிச்சையாளர். பதின்வயதினருக்கென்றே இதை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. மகள் நிரப்பினாள். தனியாக, நடுராத்திரியில் கேட்டால் புதைகிறதாம். இதை நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

இப்போது அந்தப் பாட்டையே செஷனுக்கு எடுத்துப் போகிறாள். மெட்டு அதேதான், வரிகளை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் ரகசியமாக வைத்திருக்க மாட்டேன் என்று சிகிச்சையாளர் முதல் நாளே அவளிடமே சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் வெளியே உட்கார்ந்திருக்க முடிகிறது.

மே 21

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கையில் ஒரு கிலுக்கைக் கொடுத்தார்கள். மகள் மெதுவாக டிரம்மைத் தட்டினாள். உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் வேகமாகக் குலுக்கினேன்.

"அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினேன். அறையே அமைதியாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து, 'இப்ப வாங்க' என்பதுபோல் தலையசைத்தாள்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை அளவு அதேதான்.