சர்க்கரைத் தண்ணீரில் 13 டிகிரி: போலரிமீட்டர் வழிக்கு வந்தது

ஒரே தளத்தில் அதிரும் ஒளியை ஒரு கரைசல் எத்தனை டிகிரி திருப்புகிறது என்று அளக்கும் கருவிதான் போலரிமீட்டர். ஒளி முதலில் ஒரு போலரைசர் தாள், பிறகு கரைசல் குழாய், கடைசியில் திருப்பக்கூடிய இன்னொரு போலரைசர் தாள் (அனலைசர்) வழியாகப் போய், போட்டோடயோடு என்ற ஒளி உணரியில் விழும். நூறு மில்லி கரைசலில் 10 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 20 செ.மீ. குழாய், 589 நானோமீட்டர் மஞ்சள் எல்இடி. சுக்ரோஸுக்கு, அதாவது வெள்ளைச் சர்க்கரைக்கு, புத்தகத்தில் உள்ள திருப்பு எண் +66.5 (10 செ.மீ. நீளம், மில்லிக்கு ஒரு கிராம் என்ற கணக்கில்; + என்றால் வலப்பக்கம், − என்றால் இடப்பக்கம்). அந்தக் கணக்குப்படி 13.3 டிகிரி வர வேண்டும். வந்தது 13.1. சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டிய கருவிக்கு இது ஏகப்பட்ட மரியாதை!

இத்தனை நாள் உயிரை வாங்கியது அந்த இருட்டுப் புள்ளிதான். ஒளி முழுவதும் அணையும் கோணத்தைக் கண்டுபிடி என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இரு தாள்களின் கோணத்தை வைத்து வெளிவரும் ஒளியைச் சொல்லும் மாலஸ் விதியைப் போட்டுப் பாருங்கள்: இருட்டின் அடியிலிருந்து அனலைசரை ஒரு டிகிரி திருப்பினால் உச்ச ஒளியில் 0.03 சதவீதம்தான் ஏறும். போலரைசர் தாளின் கசிவும் போட்டோடயோடின் இரைச்சலும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். அதே ஒரு டிகிரியை 45 டிகிரி தள்ளி நின்று திருப்பினால் மாற்றம் 1.7 சதவீதம். சரி, இருட்டைத் தேடவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இருட்டுக்கு இரு பக்கமும் ஒரே அளவு ஒளி விழும் இரண்டு கோணங்களை எடுத்து, நடுக்கோணத்தைக் கணக்கிட்டால் போதும். 19ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளி வட்டத்தை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் வெளிச்சத்தையும் கண்ணால் சமப்படுத்த வைத்ததும் இதே சூட்சுமம்தான்.

எல்இடி சூடேறினால் வெளிச்சம் சரியும். அதனால் குழாய்க்கு முன்னால் இன்னொரு போட்டோடயோடு வைத்து விகிதத்தை மட்டும் பார்க்கிறேன். அனலைசரைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டாரின் பல்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது. எப்போதும் ஒரே திசையிலிருந்து திருப்பி வந்தால் தொல்லை இல்லை. குழாயின் இரு முனைக்கும் பெர்ஸ்பெக்ஸ் வேண்டாம், அதற்குள் இருக்கும் இறுக்கமே ஒளியைக் குழப்பும். மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டு நல்லது.

போட்டோடயோடு, மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் வாங்கியது. பக்கத்து சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்விடாதீர்கள், அங்கே கம்ப்யூட்டர் சாமான்கள்தான். போலரைசர் தாளை இணையத்தில் வாங்கினேன். ஒளியை ஒரே தளத்தில் அதிர வைக்கும் நேர்த்தளத் தாள் கேட்டால், அதைச் சுழல வைக்கும் வட்ட போலரைசர் தாளை அனுப்பி வைத்த புண்ணியவானை என்ன சொல்ல! இரண்டு பக்கப் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கையும் உரித்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். அதுவும் ஒளியோடு விளையாடும்.

இருட்டுப் பெட்டிக்கு இன்னும் மூடி போடவில்லை, அதற்குள் மனசு தேனுக்குத் தாவிவிட்டது. முஸ்தபா கடையில் அடுக்கி வைத்திருக்கும் தேனில் நாலைந்து வகை வாங்கிப் பார்க்க ஆசை. பூந்தேனில் பிரக்டோஸ் (−92) கை ஓங்கியிருப்பதால் ஒளி இடப்பக்கம் திரும்பும். கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்தால் வலப்பக்கம் இழுக்கும். ஆனால் அமிலத்தில் உடைத்த சர்க்கரைப் பாகைக் கலந்தால் அதுவும் இடப்பக்கமே திரும்பும். இந்தக் கருவியால் அந்தக் கள்ளனைப் பிடிக்க முடியாது.

அப்புறம் குளுக்கோஸ் பொடி. கரைத்தவுடன் +112க்குப் பக்கத்தில் தொடங்கி, மெல்ல இறங்கி 52.7இல் நிற்குமாம். அந்த இறக்கத்தை வரைபடமாகப் பிடிக்க வேண்டும். பிரக்டோஸின் எண் வெப்பத்துக்கு நன்றாகவே மாறும், புத்தகக் கணக்கோ 20 டிகிரிக்கு. இங்கே வீட்டுக்குள் 30. ஆகவே மீன்தொட்டிப் பம்பை வைத்துக் குழாயைச் சுற்றிக் குளிர்நீர் ஓட்டும் உறை ஒன்று செய்த பிறகுதான் தேன்.