மூச்சு கேட்கும் வெள்ளிக்கிழமைகள்

ஏப்ரல் 12, 2024, வெள்ளி

லண்டன் ஜாஸ் கலைஞர் ஷபாக்காவின் புது ஆல்பம் இன்று வந்துவிட்டது. விடியுமுன்பே எழுந்து ஹெட்போனை மாட்டினேன். முழுதாக இரண்டு முறை கேட்டாயிற்று, இன்னும் கழற்ற மனமில்லை.

போன டிசம்பரில் லண்டனில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பம் முழுவதையும் வாசித்துவிட்டு சாக்ஸபோனைக் கீழே வைத்தவர் இவர். சன்ஸ் ஆஃப் கெமெட், தி காமெட் இஸ் கமிங் என்ற அவருடைய குழுக்களின் மேடைகளை அதிரவைத்த சாக்ஸ் அது. அதை விட்டு ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலுக்குப் போகிறார் என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று அந்த வருத்தம் கரைந்துவிட்டது. பதிவு நடந்த இடம் நியூ ஜெர்சியில் உள்ள ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோ. 1964இல் கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவு செய்ததும் அங்கேதான். காதில் ஹெட்போன் இல்லை, நடுவே தடுப்பு இல்லை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். குழலுக்குள் போகாமல் உதட்டோரம் நழுவும் காற்றுகூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆறாவது பாட்டில் எலூசிட் வருகிறார். நியூயார்க் ராப்பர். அவர் குரல் நுழைந்ததும் எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு மூச்சில் எத்தனை சொல்லை அடுக்கலாம், எங்கே விட்டு எங்கே இழுக்கலாம் என்று ராப்பர் போடுகிற கணக்கைத்தான் குழல்காரரும் போடுகிறார். இந்த வருஷம் வரும் ஆல்பங்களை இந்தக் காதோடுதான் கேட்கப்போகிறேன்.

ஏப்ரல் 15

அதே ஆல்பம்தான். ஒன்பதாவது பாட்டின் பெயரே மூச்சுவிடுவதைப் பற்றியது, அதில் ராஜ்னா சுவாமிநாதன் மிருதங்கம் வாசிக்கிறார். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டில் கவிதை சொல்லும் அனும் இயாபோ, ஷபாக்காவின் அப்பா. இது தெரிந்தபின் அந்தப் பாட்டை இன்னும் மெதுவாகக் கேட்கத் தோன்றுகிறது.

மே 3, வெள்ளி

சாக்ஸபோன்காரர் கமாசி வாஷிங்டன்! 2015இல் ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ மார்ச்சிலும், கமாசியின் மூன்று தட்டு ‘தி எபிக்’ மே மாதத்திலும் வந்தன. ராப் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த என்னை ஜாஸுக்கு இழுத்துவந்தது அந்த இரண்டு மாதங்கள்தான். முதல் ஆல்பத்திலும் கமாசி வாசித்திருக்கிறார் என்று தெரிந்து இரண்டாவதைத் தேடிப் போனேன்.

இன்று வந்த ‘ஃபியர்லெஸ் மூவ்மென்ட்’டில் ஒரு பாட்டின் மெட்டு அவருடைய சின்ன மகள் ஆஷா பியானோவில் தானாகத் தட்டிக் கண்டுபிடித்தது. அப்பா அதை எடுத்துப் பெரிதாக்க, டாஜ் ஆஸ்டின், ராஸ் ஆஸ்டின் சகோதரர்கள் அதன் மேல் ராப் செய்கிறார்கள். குழந்தையின் விரல் கண்ட நாலு சுரம் அந்த வேகத்தையும் தாங்குகிறது. இன்னொரு பாட்டில், அவுட்காஸ்ட் ராப் குழுவின் ஆண்ட்ரே 3000 குழல் வாசிக்கிறார். ஷபாக்காவின் ஆல்பத்திலும் அவர் உண்டு. மூன்று வாரத்தில் இரண்டு முறை!

ஜூலை 12, வெள்ளி

ராப்பர் காமனும் இசைத் தயாரிப்பாளர் பீட் ராக்கும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம். நன்றாக இருக்கிறது, நிதானமாக இருக்கிறது. ஆனால் கேட்டு முடித்ததும் கை தானாக பீட் ராக்கின் 1992ஆம் வருஷத்துப் பாட்டுக்குப் போய்விட்டது.

ட்ராய் டிக்சன் என்ற நண்பர் 1990இல் இறந்துபோனார். அவர் நினைவாக பீட் ராக்கும் ராப்பர் சி.எல். ஸ்மூத்தும் செய்த பாட்டு அது. அதில் திரும்பத் திரும்ப வரும் சாக்ஸபோன் வரி, டாம் ஸ்காட் 1967இல் வாசித்த ஒரு பதிவிலிருந்து எடுத்தது. இப்படிப் பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டு செய்வதுதான் சாம்பிளிங். அதை வெட்டி ஒட்டும் வேலை என்று சொல்பவர்களிடம் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன். அந்தப் பாட்டுக்கு இருபத்தைந்து வருஷம் முன்பு ஒருவர் ஊதிய மூச்சு, போன நண்பனுக்காக அழுகிறது. முன்பின் பழக்கமில்லாதவரின் மூச்சு அது. எத்தனை முறை கேட்டாலும் அந்த வரி வரும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ராப்பர் ராக்கிம்கூட இளவயதில் சாக்ஸபோன் வாசித்தவர்தான். கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். அவர் வரிகள் அடியின் முடிவில் நிற்காமல் அடுத்த அடிக்கு வழிந்துபோவதை இப்போது கேட்டால் காரணம் காதுக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பிறந்து இன்றோடு நூறு வருஷம். பாடகி மெஷெல் என்டெகியோசெல்லோ அவருக்காகச் செய்த ஆல்பத்தை ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசை நிறுவனம் இன்றைக்கே வெளியிட்டிருக்கிறது. கவிஞர் ஸ்டேசியன் சின் பேசும் பகுதிகளில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொண்டு வழிவிடுகின்றன. இதை வேலைக்கு நடுவில் போட்டுக் கேட்கக் கூடாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நாளையும் அப்படியேதான்.

செப்டம்பர் 27

எஸ்ரா கலெக்டிவ். போன வருஷம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு. புது ஆல்பம் முழுக்க ஆட்டம், ஆடினேன்.

நவம்பர் 8

கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ பிரிவில் ஆண்ட்ரே 3000இன் ‘நியூ ப்ளூ சன்’! போன நவம்பரில் வந்த ஆல்பம், ராப் ஒரு வரிகூடக் கிடையாது, முழுக்கக் குழல்தான். முதல் பாட்டின் நீளமான பெயரிலேயே அவர் சொல்லிவிடுகிறார்: ராப் ஆல்பம்தான் செய்ய நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது என்று. பரிசு கிடைக்குமா என்பது எனக்கு முக்கியமில்லை. அவுட்காஸ்டில் அத்தனை சொல்லைக் கொட்டிய அதே மூச்சு இங்கே சொல்லில்லாமல் நடக்கிறது, பட்டியல் போட்டவர்களுக்கும் அது கேட்டிருக்கிறது. நாள் முழுக்க முகத்தில் சிரிப்பு.

நவம்பர் 22, வெள்ளி

கென்ட்ரிக் எந்த அறிவிப்பும் இல்லாமல் ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்தை இறக்கிவிட்டார். பன்னிரண்டு பாட்டு, முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதல் பாட்டில் அவர் மூச்சு வாங்கும் இடங்களை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன், பாதியிலேயே எண்ணிக்கையை மறந்து பாட்டுக்குள் போய்விட்டேன்.

பாடகி சிஸாவோடு (SZA) பாடும் ‘லூதர்’ பாட்டின் கிரெடிட்டைத் திறந்தால் தயாரிப்பாளர்களில் ஒருவராகக் கமாசி வாஷிங்டன் பெயர். ஒன்பது வருஷம் கழித்து அதே இரண்டு பேர். நாலாவது முறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை ‘தி எபிக்’, முதல் தட்டிலிருந்து.