அடித்தவர் பொலிஸ், வழக்காடுவது யார்?

தம்பியை ஓரிரவு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அவன் நடந்து வந்த விதத்தைக் கண்ட அம்மா ஒத்தடத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு ஐயாதான் தடுத்தார். “ஒத்தடம் பிறகு. முதலில் பெரியாஸ்பத்திரி.”

ஆஸ்பத்திரி விடுதியில் படுத்தபடி “விழுந்துவிட்டேன்” என்று சொல்லாமல், அடித்தது யார் என்று அவன் சொன்னான். வைத்தியசாலைப் பொலிஸார் அதைப் பதிந்தார்கள். நீதிமன்றத்துக்காகக் காயங்களைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரி உள்ளங்கால் வரை பார்த்து எழுதினார். இன்றுவரை எங்கள் கையிலுள்ள பலமான ஆவணம் அதுதான்.

எனக்கு வேறொரு குழப்பம். முன்பொரு சிறு வழக்குக்காக நீதவான் நீதிமன்றம் போயிருக்கிறேன். அங்கே முறைப்பாட்டாளர் பக்கத்தில் எழுந்து பேசியவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். தன் கூட்டாளிக்கு எதிராகவும் அவரே வழக்காடுவாரா?

“இல்லை, தங்கச்சி” என்றார் எங்கள் சட்டத்தரணி. சாதாரண காயம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் போட்டால் நீதவானிடமே முடிந்துவிடும். சித்திரவதை என்றால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். விசாரிப்பது மேல் நீதிமன்றம். குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர், வழக்கை நடத்துபவர் அவருடைய அரச சட்டவாதி. குற்றவாளியானால் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. ஆகவே எந்தப் பெயரில் முறைப்பாடு எழுதப்படுகிறது என்பதில் கண் வைத்திருக்கச் சொன்னார்.

இன்னொன்றையும் விரல் நீட்டிச் சொன்னார்: ஒரு மாதம். அடிப்படை உரிமை மனு கொழும்பில், நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு அதற்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கத் துண்டை மட்டும் காட்டித் தப்ப முடியாது, விசாரணை நடப்பதையும் காட்ட வேண்டும். அந்த மனுவால் நட்டஈடு கிடைக்கலாம், எவரும் சிறைக்குப் போகமாட்டார்கள். அதில் சட்டமா அதிபரும் ஓர் எதிர்மனுதாரர். ஓரிடத்தில் எதிர்த்தரப்பு, மற்ற இடத்தில் எமக்காக வழக்காடுபவர். அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் பிடித்தது.

முறைப்பாட்டை அந்த நிலையத்தில் கொடுக்காமல் மேலதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தோம். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டினார்கள். தமிழில் எழுதினால்தான் கையெழுத்து என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். இரண்டு மணித்தியாலம் போனது. போகட்டும்.

அடையாள அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடந்தது. ஒரே உயரம், ஒரே மாதிரி வெட்டிய முடி. முதலாமவரை உடனே காட்டினான். இரண்டாமவரிடம் போய் நின்று, திரும்பி நடந்து, மறுபடியும் வந்து காட்டினான். மூன்றாமவரை விட்டுவிட்டான். “நிச்சயமில்லை, அக்கா” என்றான் வெளியே வந்து. அவனைத் திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன்.

பிறகு வழக்குக் கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபரிடம் போனது. மூன்று வருடம்.

குற்றப்பத்திரம் வந்தபோதுதான் தெரிந்தது, இந்த வழக்கில் எங்கள் சட்டத்தரணி தம்பியின் நலன் சார்பாக முன்னிலையாகலாம், வழிநடத்துபவர் அரச சட்டவாதி. தம்பி வெறும் சாட்சி. அடுத்த தவணையில் சட்ட வைத்திய அதிகாரியின் சாட்சியம். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார், அழைப்பாணை போயிருக்கிறது.